டயல் பொய்த்த நாள்: 1950 மார்ச் 15

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளிலும், மதுரைப் பக்கம் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது பரணிலிருந்து இறங்கும் சாமான்களிலும் பிரிட்டிஷ் வால்வு ரேடியோக்கள் இன்னும் கிடைக்கின்றன. "வெள்ளைக்காரன் காலத்துப் பெட்டி" என்று சொல்லித்தான் விற்பார்கள். அது எந்த வருடத்துப் பெட்டி என்று தெரிய வேண்டுமானால் மரத்தையோ பின்பக்க அட்டையையோ பார்ப்பதைவிட டயல் கண்ணாடியை வாசிப்பது நல்லது. பிரிட்டிஷ் ஒலிபரப்பில் 1950ஆம் ஆண்டின் பெரிய நிகழ்ச்சி எந்த நாடகமும் இல்லை, எந்தப் பாட்டும் இல்லை. மார்ச் 15ஆம் தேதி ஐரோப்பாவின் மீடியம் வேவ் நிலையங்கள் கூட்டமாக இடம் மாறின. அதற்கு முன் அச்சான டயல் எல்லாம் அன்றைக்குத் தவறாகிப் போனது.

வாசிக்கும் முறை இது. டயலில் 'நேஷனல்', 'ரீஜனல்' என்று இருந்தால் அந்த வடிவமைப்பு 1939 செப்டம்பருக்கு முந்தையது. போர் தொடங்கியதும் பிபிசி இரண்டையும் சேர்த்து 'ஹோம் சர்வீஸ்' ஆக்கிவிட்டது. 'லைட் புரோகிராம்' 1945 ஜூலை 29இல் வந்தது, 'தேர்ட் புரோகிராம்' 1946 செப்டம்பர் 29இல் வந்தது. இந்த மூன்று பெயர்களும் இருந்தால் 1946க்குப் பிந்தைய டயல். அடுத்து அவை எந்த மீட்டருக்கு நேராக நிற்கின்றன என்று பாருங்கள். லண்டன் ஹோம் 342.1 மீட்டர், லைட் 261.1 மீட்டர், தேர்ட் 514.6 மீட்டர் என்றால் 1950 மார்ச்சுக்கு முன். ஹோம் 330, லைட் 247, தேர்ட் 464 என்றால் அதற்குப் பின். ரேடியோ லக்ஸம்பர்க் 208 மீட்டரில் இருந்தால் இன்னும் கொஞ்சம் பிந்தி. அந்த நிலையத்தின் ஆங்கில ஒலிபரப்பு நெட்டலையிலிருந்து (லாங் வேவ்) அங்கே வந்தது 1951 ஜூலையில். லைட் புரோகிராமின் நெட்டலை, 1500 மீட்டர், டிராய்ட்விச் நிலையத்தினுடையது. அது அசையவில்லை, அதனால் வருடம் கண்டுபிடிக்க உதவாது.

மீட்டரைக் கிலோஹெர்ட்ஸாக மாற்ற 3,00,000ஐ மீட்டரால் வகுத்தால் போதும். 342.1 மீட்டர் 877 கிலோஹெர்ட்ஸ், 330 மீட்டர் 908. லைட் 1149இலிருந்து 1214க்கும், தேர்ட் 583இலிருந்து 647க்கும் போயின. 65 கிலோஹெர்ட்ஸ் என்பது சாதாரண மேஜை ரேடியோவின் டயலில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். குமிழைத் திருப்பித் தேடுகிறவர்களுக்கு இது தொந்தரவு இல்லை. பொத்தானை அழுத்தினால் நிலையம் வரும் மாடல் வைத்திருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு பொத்தானுக்கும் உள்ளே தனி டிரிம்மரோ (திருகி மாற்றும் சிறு கண்டென்சர்) தனிக் காயில் கோரோ (சுருளின் நடுத்தண்டு) உண்டு. அத்தனையையும் திருகித் திரும்ப வைக்க வேண்டியிருந்தது.

ஏன் மாற்றினார்கள்? 1934 முதல் நடப்பில் இருந்தது லூசர்ன் திட்டம். அதற்குப் பதிலாக மோன்ட்ரோவில் 1939இல் போட்ட திட்டம் 1940 மார்ச்சில் அமலுக்கு வந்திருக்க வேண்டும், போர் அதை விழுங்கிவிட்டது. போர் முடிந்தபோது ஐரோப்பிய மீடியம் வேவ் ஒரே நெரிசல். 1948 செப்டம்பரில் கோபன்ஹேகனில் கூடி, பெரும்பாலும் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் புதிய பட்டியல் போட்டார்கள். பிபிசிக்குக் கிடைத்த எண்கள் 647, 692, 809, 881, 908, 1052, 1088, 1151, 1214. எதை 9ஆல் வகுத்தாலும் மீதி 8 வரும். 1978 நவம்பர் 23இல் எல்லாவற்றையும் ஒரு கிலோஹெர்ட்ஸ் தள்ளி 648, 909, 1215 என்று 9இன் மடங்குகளாக ஆக்கினார்கள். நம் ஊர் மீடியம் வேவ் எண்களும் அதே ஏணியில்தான் நிற்கின்றன: திருச்சி 936, திருநெல்வேலி 1197, மதுரை 1269. கீழே டயலைச் சரிசெய்யும்போது இந்த ஒற்றுமை பயன்படும்.

போரில் தோற்ற நாடான ஜெர்மனிக்குக் கோபன்ஹேகனில் மிஞ்சியது சொற்பம். அதனால்தான் அங்கே எஃப்எம் சீக்கிரம் வேரூன்றியது. மியூனிக்கில் 1949 பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டார்கள். பிரிட்டன் கென்ட்டில் உள்ள ரோதம் நிலையத்திலிருந்து முறையாக எஃப்எம் தொடங்கியது 1955 மே 2இல்தான். அலைவரிசை போதாதவன் புதிய வழியை முதலில் கண்டுகொண்டான் என்பதே என் கணிப்பு.

பிரிட்டனுக்கும் தாராளமாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை. 1214இல் ஒரே லைட் புரோகிராமை புரூக்மன்ஸ் பார்க், மூர்சைடு எட்ஜ், வெஸ்டர்கிளென் என்று பல டிரான்ஸ்மிட்டர்கள் ஒரே நேரத்தில் அனுப்பின. கிரிஸ்டல் துணையோடு அலைவரிசையைத் துல்லியமாக ஒன்றாகப் பிடித்தால்தான் இது நடக்கும். சில ஹெர்ட்ஸ் பிசகினாலும் ஒலி ஏறி இறங்கி அலையும். எவ்வளவு துல்லியமாகப் பிடித்தாலும், இரண்டு டிரான்ஸ்மிட்டர்களின் வலு ஏறக்குறைய சமமாக விழும் நடுப்பகுதியில் ஒலி குழம்பியே கேட்கும். இரவில் வானில் மோதித் திரும்பும் வான் அலையும் சேர்ந்துகொள்வதால் அந்தக் குழப்பப் பகுதி பெரிதாகும். வட அயர்லாந்தும் இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையும் ஹோம் சர்வீஸுக்குப் புதிய 1151 கிலோஹெர்ட்ஸை (261 மீட்டர்) பகிர்ந்துகொண்டதால், கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நிகழ்ச்சியைக் கேட்க வேண்டியதாயிற்று. நியூகாசில்காரர்கள் பெல்ஃபாஸ்ட் செய்தியைக் கேட்டார்கள். இது 1960களின் தொடக்கம் வரை நீடித்தது.

அந்த வருட நிகழ்ச்சிகளையும் சொல்லிவிடலாம். குழந்தைகளுக்கான 'லிசன் வித் மதர்' ஜனவரி 16இல் தொடங்கியது. பொம்மையைப் பேச வைக்கும் கலைஞர் பீட்டர் புரோவின் 'எஜுகேட்டிங் ஆர்ச்சி' ஜூன் 6இல் வந்தது. உதடு அசைகிறதா என்று யாரும் பார்க்க முடியாத ரேடியோவில் அது வெற்றி பெற்றது. மே கடைசி வாரத்தில் மிட்லண்ட் பகுதிக்கு மட்டும் ஐந்து பகுதிகள் சோதனையாக ஒலிபரப்பான 'தி ஆர்ச்சர்ஸ்', 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் போனது, இன்றும் ஓடுகிறது. உணவுப் பங்கீடு நீங்காத காலம். விளைச்சலைப் பெருக்கும் யோசனைகளைக் கதைக்குள் வைத்து விவசாயி காதில் போட வேண்டும் என்பதே அதன் நோக்கம். நம் பக்கத்தில் 1960களில் திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சிகளால் பரவிய ஏடிடி 27 நெல்லை மக்கள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். நோக்கத்தில் இரண்டும் உறவுக்காரர்கள்.

சரி, மதுரையில் இதில் எது கேட்டது? பிரிட்டனின் மீடியம் வேவ் எதுவும் இங்கே எட்டாது. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம்; பகலில் வானத்தின் மின்னூட்ட அடுக்குகளில் கீழே உள்ள டி அடுக்கு அதைத் தின்றுவிடும், இரவில் நடுவில் இருக்கும் நிலையங்கள் மூடிவிடும். 1950இல் மதுரைக்காரருக்கு மீடியம் வேவில் திருச்சி, சிற்றலையில் இலங்கை, அப்புறம் பிபிசியின் கடல்கடந்த சேவை. மதுரைக்குச் சொந்த நிலையம் 1987இல்தான் வந்தது. பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3இலேயே தொடங்கிவிட்டது. 'செய்தி மடல்' என்றிருந்ததற்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தவர் யாழ்ப்பாணத்து சோ. சிவபாதசுந்தரம்.

சிற்றலைக்குக் கோபன்ஹேகன் திட்டம் பொருந்தாது. அங்கே அலைவரிசையைத் தீர்மானிப்பது சூரியன். சூரியப்புள்ளிகள் 1947இல் உச்சத்தில் இருந்து 1954இல் அடிமட்டத்துக்கு வந்தன. 1950 இறங்குமுகம் என்றாலும் பகலில் 13, 16 மீட்டர் பட்டைகள் நன்றாகவே வேலை செய்யக்கூடிய நிலை. மாலை முன்னேற முன்னேற 19, 25 மீட்டருக்கும், இரவு ஏற ஏற 31, 41, 49க்கும் இறங்க வேண்டும். மதுரையில் இரவு பத்தரை என்றால் கிரீன்விச்சில் மாலை ஐந்து. பாதையின் இந்த முனை இருட்டு, அந்த முனையில் கோடையானால் இன்னும் வெளிச்சம். அதனால்தான் 19, 25 இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.

நமக்கென்று தனியாக ஒரு தொல்லையும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவை ஒட்டிப் போகிறது. சூரியன் மறைந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில், முக்கியமாக மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில், சிற்றலையைத் திருப்பி அனுப்பும் எஃப் அடுக்கு சிதறிக் குமிழி குமிழியாகிவிடும். அப்போது சிற்றலைப் பேச்சு, மின்விசிறிக்கு முன்னால் நின்று பேசுவதுபோல் படபடக்கும். சூரியப்புள்ளி கூடிய வருடங்களில் இது அதிகம். பெட்டியில் கோளாறு என்று நினைத்துத் திருப்புளியை எடுக்கக் கூடாது. மீடியம் வேவ் சுத்தமாகக் கேட்டு, சிற்றலை மட்டும் ராத்திரி எட்டு மணிக்குப் படபடத்தால் அது வானத்தின் வேலை.

இனிப் பெட்டிக்கு வருவோம். 1950 வாக்கில் வந்த பிரிட்டிஷ் ஏசி செட்டில் அடிக்கடி காணும் வால்வு வரிசை முல்லார்ட் கம்பெனியின் ரிம்லாக் வகை: ஈசிஎச் 42, ஈஎஃப் 41, ஈபிசி 41, ஈஎல் 41, ஈஸெட் 40. எட்டு மெல்லிய முள்கள், கண்ணாடியின் பக்கவாட்டில் ஒரு சிறு மொட்டு. அந்த மொட்டு சாக்கெட்டின் தகட்டுப் பள்ளத்தில் விழ வேண்டும். ஈக்கு பதில் யூ என்று தொடங்கும் வால்வுகள், அதாவது யூசிஎச் 42, யூஎல் 41, யூஒய் 41 இருந்தால் அது ஏசி-டிசி செட். அதில் டிரான்ஸ்பார்மர் தனிமைப்படுத்தல் கிடையாது. பிளக்கை மாற்றிச் செருகினால் உள்ளே இருக்கும் உலோகச் சட்டமான சேசிஸே 230 வோல்ட்டில் நிற்கும். குமிழின் திருகு, பின்பக்க ஸ்க்ரூ எதைத் தொட்டாலும் அடிக்கும். ஒன்றுக்கு ஒன்று ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர், 100 விஏ, இல்லாமல் அதைத் திறந்து வேலை செய்யக் கூடாது.

டயலில் நெட்டலை இருந்து ஒரே ஒரு சிற்றலைப் பட்டை, 16 முதல் 50 மீட்டர் வரை இருந்தால், அது பிரிட்டன் உள்நாட்டு விற்பனைக்குச் செய்தது. நெட்டலை இல்லாமல் இரண்டு மூன்று சிற்றலைப் பட்டைகள் இருந்தால் ஏற்றுமதி மாடலாகவோ இந்தியச் சந்தைக்கான மாடலாகவோ இருக்கும். உள்நாட்டு மாடலில் 19 மீட்டர் பட்டை முழுவதும் டயலில் சில மில்லிமீட்டர்தான், விரல் நடுங்கினால் நிலையம் போய்விடும். கேட்பதற்கு வாங்குகிறீர்கள் என்றால் இரண்டாவது வகையைத் தேடுங்கள்.

கிடைத்ததும் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்வது, அதுதான் பெட்டியைக் கெடுப்பதும். முதலில் மெயின்ஸ் டேப்பிங்கை, அதாவது வோல்ட் தேர்வுத் துளையைப் பாருங்கள். பின்பக்கம் 200 முதல் 250 வோல்ட் வரை மூன்று நான்கு துளைகள் இருக்கும். மதுரையில் சப்ளை பெயருக்கு 230. இரவில் 240க்கு மேல் போவது உண்டு. ஆகவே மிக உயர்ந்த துளையில் வையுங்கள். பிறகு 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை. மங்காமல் எரிந்தால் உடனே நிறுத்துங்கள். டிரான்ஸ்பார்மரோ பவர் கண்டென்சரோ போயிருக்கிறது. ரப்பர் உறை போட்ட வயர்கள் நம் வெயிலில் பிஸ்கட் மாதிரி உதிரும், அவற்றைத் தொடும் முன்பே மாற்றிவிடுவது நல்லது.

மாற்றியே ஆக வேண்டியது ஒரு பாகம் உண்டென்றால், ஈபிசி 41 வால்வின் ஆனோடு முனையிலிருந்து கடைசி ஒலி வால்வான ஈஎல் 41இன் கிரிட் முனைக்குப் போகும் மெழுகுத்தாள் கண்டென்சர். மதிப்பு பெரும்பாலும் 0.01 மைக்ரோஃபாரட். அறுபது எழுபது மதுரைச் சித்திரைகளைப் பார்த்த மெழுகு உருகி, ஈரம் ஏறி, கண்டென்சர் கசியும். கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்ட் ஏறும். வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும். முதலில் ஒலி கரகரக்கும், பிறகு வால்வு, கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரும். ஈஎல் 41க்குக் கேதோடு ரெசிஸ்டர் 170 ஓம், ஆனோடு 250 வோல்ட்டில் கேதோடில் 7 வோல்ட் இருக்க வேண்டும். 10க்கு மேல் காட்டினால் கசிவு நிச்சயம். புதிதாக 0.01 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலியெஸ்டர் போட்டுப் பத்து நிமிடம் ஓட்டி மறுபடி அளந்து பாருங்கள். அப்புறமும் கிரிட்டில் வோல்ட் ஏறினால் குற்றம் வால்வினுடையது. ஈஎல் 41இல் உள்கசிவு அடிக்கடி வரும், ஈசிஎச் 42 அதைவிட மோசம். நல்லதாக ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

பவர் கண்டென்சருக்கு 22 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் இரண்டு போதும். ஹம் (உறுமல்) குறையட்டும் என்று 220 போடுவார்கள். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வு ஒவ்வொரு சுழற்சியிலும் அதை நிரப்ப உச்சக் கரண்ட் கொடுத்துக் கொடுத்துச் சீக்கிரம் செத்துப்போகும். வேலைக்கு முன் 1 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டரை வைத்துக் கண்டென்சரின் சார்ஜை இறக்குங்கள். திருப்புளியால் ஷார்ட் செய்யக் கூடாது.

இனி மதுரைக்கே உரிய ஒரு சீழ்க்கை. வரும் எந்த நிலையத்தையும் செட் உள்ளே ஒரே இடைநிலை அலைவரிசைக்கு, அதாவது ஐஎஃப்புக்கு மாற்றுகிறது; இந்த செட்களில் பலவற்றின் ஐஎஃப் 465 கிலோஹெர்ட்ஸ். ஒலியைப் பிரித்தெடுக்கும் டயோடு டிடெக்டரில் அதன் இரட்டிப்பு, 930, பிறக்கிறது. அது ஏரியல் பக்கம் கசிந்தால் 936இல் வரும் திருச்சியோடு மோதி 6 கிலோஹெர்ட்ஸ் சீழ்க்கை தரும். லண்டன்காரருக்கு ஹோம் சர்வீஸ் 908இல் இருந்ததால் இந்தத் தொல்லை தெரியாது. நமக்கு நேர் மேலே விழுகிறது. பக்கத்து நிலையத்தின் சீழ்க்கையிலிருந்து இதைப் பிரித்தறிவது எளிது. குமிழை லேசாகத் திருப்பும்போது சுருதி மாறினால் ஐஎஃப் இரட்டிப்பு, மாறாமல் வலு மட்டும் கூடிக் குறைந்தால் பக்கத்து நிலையம். முதலில் டயோடுக்குப் பின்னால் உள்ள இரண்டு 100 பிகோஃபாரட் கண்டென்சர்களைச் சோதியுங்கள். ஒன்று திறந்துபோயிருந்தாலும் கசிவு கூடும். ஏரியல் வயரை ஈபிசி 41 பக்கத்திலிருந்து விலக்குங்கள். அப்படியும் இருந்தால் ஐஎஃப்பையே 468க்கு நகர்த்திவிடலாம். 468இன் இரட்டிப்பு சரியாக 936. மோதல் பூஜ்யத்துக்கு வந்துவிடும். மூன்று கிலோஹெர்ட்ஸ் நகர்த்துவதால் டயலில் எதுவும் கெடாது.

சிக்னல் ஜெனரேட்டரை 468இல் வைத்து, 0.1 மைக்ரோஃபாரட் வழியாக ஈசிஎச் 42 கிரிட்டுக்குக் கொடுத்து, கடைசி ஐஎஃப்டியிலிருந்து (ஐஎஃப் டிரான்ஸ்பார்மர்) முதலாவதை நோக்கி வரவும். கோரில் மெழுகு இறுகியிருக்கும். ஹேர் டிரையரால் சூடேற்றி, பிளாஸ்டிக் கருவியால் திருப்புங்கள். இரும்புத் திருப்புளி கோரை உடைத்துவிடும், அளவையும் பொய்யாக்கும்.

பிறகு டயல். இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். 'லண்டன் ஹோம்' என்ற எழுத்தை எதற்கோ பொருத்தப் பார்ப்பார்கள். எழுத்தை மறந்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். சென்னை 720 கிலோஹெர்ட்ஸ் 416.7 மீட்டரில் விழ வேண்டும், திருச்சி 320.5இல், திருநெல்வேலி 250.6இல், மதுரை 236.4இல். ஒலிபரப்பு இருக்கும் நேரத்தில் நிலையங்களே போதும், இல்லாவிட்டால் ஜெனரேட்டரில் அதே எண்கள். 416இல் ஆஸிலேட்டர் கோரையோ பேடரையோ (தொடரில் உள்ள திருகு கண்டென்சர்) திருப்புங்கள், 236இல் டிரிம்மரைத் திருப்புங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது கொஞ்சம் நகரும், மூன்று நான்கு முறை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். முடிந்ததும் 1950க்குப் பிந்தைய டயலில் திருச்சி, லண்டன் ஹோமுக்குச் சற்றே உயர்ந்த அலைவரிசைப் பக்கத்திலும், திருநெல்வேலி லைட்டின் 247ஐ ஒட்டியும் நிற்கும். சிற்றலையில் ஒரே நிலையம் இரண்டு இடத்தில் கேட்டால், குறைந்த மீட்டரில் இருப்பதே அசல்: 19.5 மீட்டரில் உள்ள நிலையம் 20.8இலும் போலியாக வரும், ஏனென்றால் இடைவெளி ஐஎஃப்பின் இரட்டிப்பு.

டயல் கண்ணாடியைக் கழுவாதீர்கள். எழுத்துகள் உள்பக்கம் அச்சிட்டவை, பல செட்களில் தண்ணீர் பட்டாலே உரிந்து வரும். வெளிப்பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, உள்பக்கத்துக்கு உலர்ந்த மெல்லிய தூரிகை. புதிய ஸ்டிக்கர் அச்சடித்து ஒட்டுவதும் வேண்டாம். பெட்டியின் வயதைச் சொல்லும் எண்கள் அந்தக் கண்ணாடியில்தான் இருக்கின்றன.